முதுகையும் படம் எடுக்க விடுங்கள்: திருமேனிகளின் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அருங்காட்சியகங்களையும் கலைக்கூடங்களையும் கோயில் திருமேனிப் பாதுகாப்பு மையங்களையும் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு,

டெல்டா மாவட்டத்து ஊர் ஒன்றில், செப்புத் திருமேனிகள் இருக்கும் ஒரு காட்சிக்கூடத்தின் வாசலில் அண்மையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். கேமரா உள்ளே கொண்டுவரக் கூடாது. கைப்பேசியில் எடுப்பவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு முன்புறத்தை மட்டும் எடுக்கலாம். பின்புறத்தையும் பீடத்தையும் எடுக்கக் கூடாது, கிட்டப் போய் எடுக்கக் கூடாது. கடைசியில் 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று ஒரு வரி. உத்தரவு எண், தேதி, கையெழுத்து எதுவும் இல்லை.

அந்தக் கூடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் மேலேயிருந்து விளக்கம் கேட்டு ஒரு மெமோ இறங்கும். அது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலர் தலையில்தான் போய் விழும். அவர் சொன்னதைச் செய்கிறவர். என் கைப்பேசியை வாங்கி, அம்மன் சிலையின் பின்னலை எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னபோதுகூட, "கோவிச்சுக்காதீங்க சார், மேல கேமராவுல பாத்துக்கிட்டே இருப்பாங்க" என்று கூரை மூலையைக் காட்டினார். அவரிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேள்வி உங்களிடம்தான்.

முதலில் முறைப்படிதான் கேட்டேன். அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயர், ஆய்வுத் தலைப்பு, நெறியாளர் பெயர், படம் வணிகத்துக்கா கல்விக்கா என்று கட்டங்கள். நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இல்லை. படத்தை விற்பதும் இல்லை. லீவு கிடைக்கும்போது பஸ் பிடித்துப் போய்ச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கிறவன், பார்த்ததைப் படம் எடுத்துக்கொள்கிறவன். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'நோக்கம்' என்ற இடத்தில் 'பார்க்கப் பிடிக்கும்' என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் இந்த மடலை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பின்புறத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சோழர் காலத்துத் திருமேனி ஒன்றின் பின்னால் போய் நின்று பாருங்கள். தலைக்குப் பின்னால் தாமரை விரிந்தது போலச் சிரச்சக்கரம், அதிலிருந்து இறங்கும் குஞ்சம். தோளில் சுருள் சுருளாக விழும் முடி, ஒவ்வொரு சுருளின் நுனியும் தனியாகத் தெரியும். கழுத்து ஆரத்தின் கட்டு முதுகின் நடுவில் தொங்கும். இடுப்பு ஆடையின் முடிச்சும் அதன் மடிப்பும் பின்னால்தான் முழுசாகத் தெரியும். உற்சவர் வீதிக்கு வரும்போது நான்கு பக்கமும் சனம் நிற்கும் என்று தெரிந்தவர் செய்த வேலை அது. பட்டும் மாலையும் சாத்தி முதுகு மறைந்துபோகும் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் முகத்துக்கு எடுத்துக்கொண்ட அதே சிரத்தையை முதுகுக்கும் எடுத்திருக்கிறார். அதைச் சுவரோடு ஒட்டி வைப்பது ஒரு பாவம் என்றால், எட்டிப் பார்த்து எடுத்த படத்தை அழிக்கச் சொல்வது இன்னொன்று.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை, காளைமேல் சாய்ந்து நிற்கும் கோலத்துச் சிவனை, பார்க்கவே பலமுறை தஞ்சாவூர் போயிருக்கிறேன். இராசராசனின் 26-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1011-ஐச் சேர்ந்தவர் என்று திருவெண்காட்டுக் கோயில் கல்வெட்டிலிருந்தே தெரிகிறது. பக்கத்தில் நிற்கும் அம்மன் அடுத்த ஆண்டு வந்தவள். செய்த காலம் இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த செப்புத் திருமேனிகள் நம்மிடம் அதிகம் இல்லை. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக் கட்டி, அதில் பாம்பு நெளிகிறது. ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறு காலைக் குறுக்கே ஒயிலாக வைத்து, வலக்கையை மடக்கிக் காளையின் மேல் சாய்த்திருக்கிறார். காளை இல்லை. அது கிடைக்கவே இல்லை. ஆனால் அந்த முன்கை சாய்ந்திருக்கும் பாங்கிலேயே, காளை எவ்வளவு உயரம், திமில் எங்கே இருந்திருக்கும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். இதை நேரில் பார்க்கும் நேரத்தில் மனம் முகத்திலேயே நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் விரல்கள் எப்படித் தளர்ந்திருக்கின்றன என்பது பிடிபடுகிறது. படம் எடுப்பதே இரண்டாம் முறை பார்ப்பதற்குத்தான்.

படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கோயிலில் தொடர்ந்து பூசையில் இருந்த திருமேனிகளின் முகம் மழுங்கியிருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் எண்ணெய்க் காப்பும் அபிஷேகமும் தேய்ப்பும். மூக்கு வழவழத்து, கண்ணின் கோடு மறைந்து, பிற்காலத்தில் யாரோ உளியால் கண்ணைத் திரும்பக் கீறியிருப்பார்கள். மண்ணுக்குள் புதைந்து கிடந்து 1950-களில் வெளியே வந்த திருவெண்காட்டுத் தொகுதியின் முகங்களோ நேற்றுச் செதுக்கியது போலக் கூர்மையாக இருக்கின்றன. ஆபத்துக் காலத்தில் யாரோ அவசரமாகப் புதைத்ததுதான் அந்த முகங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதை எந்தக் கூடத்தின் விளக்க அட்டையிலும் நான் படித்ததில்லை. 'பார்வதி, 11-ஆம் நூற்றாண்டு' என்பதற்கு மேல் நம் அட்டைகள் வாய் திறப்பதில்லை.

இப்போது நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

வெளிச்சம் பட்டால் சிலை கெட்டுப்போகும் என்று ஒரு கூடத்தில் சொன்னார்கள். துணிக்கும் ஓலைச்சுவடிக்கும் தாளில் வரைந்த ஓவியத்துக்கும் அது பொருந்தும். வண்ணம் வெளுக்கும், நார் இற்றுப்போகும். உலோகத்துக்குப் பொருந்தாது. ஆயிரம் வருடம் கற்பூர ஆரத்தியையும் தீவட்டியையும் உச்சி வெயிலையும் பார்த்த செம்பு இது. இதன் எதிரி உப்பும் ஈரமும்தான். மண்ணில் கிடந்த காலத்தில் உள்ளே ஏறிய குளோரைடு உப்பு, காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் விழித்துக்கொண்டு உலோகத்தைத் தின்னும். வெண்கல நோய் என்கிறார்கள். நல்ல களிம்பு கரும்பச்சையாக, வழுவழுவென்று உடம்போடு ஒட்டியிருக்கும். அது காப்பு. வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது நோய். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கியதே செப்புத் திருமேனிகளுக்கு வந்த இந்த நோயைத் தீர்க்கத்தான். மின்பகுப்பு முறையில் அங்கே சுத்தம் செய்த திருமேனிகள் இன்றும் நன்றாக இருக்கின்றன. நூறு வருடத்தை நெருங்கும் அறிவு நம் கையிலேயே இருக்கும்போது ஃபிளாஷைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்? ஃபிளாஷ் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். கண்ணாடியில் எதிரொளித்துப் படமும் பாழ், பக்கத்தில் நிற்பவர் கண்ணும் கூசும். ஆனால் அது மரியாதைக்கான விதி. பாதுகாப்புக்கான விதி என்று அதற்குப் பெயர் வைக்காதீர்கள்.

அந்தப் பெயர் தெரிவிக்காத கூடத்துக்கே திரும்ப வருகிறேன், ஏனென்றால் என் கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது. அங்கே சின்னதாக ஓர் அம்மன். முழங்கை உயரம்கூட இருக்காது. சில வருடங்களுக்கு முன் எடுத்த படத்தில் அவள் இடக் கணுக்காலுக்குக் கீழே, பாதம் பீடத்தில் சேரும் இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெளிர்பச்சைப் புள்ளி. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை, பாதத்தின் அழகுக்காக எடுத்த படம். பிறகு போனபோது எடுத்த படத்தில் அந்தப் பச்சை பாதத்தின் விளிம்பு முழுக்கப் பரவி, பீடத்தின் தாமரை இதழ்களில் பொடியாக உதிர்ந்து கிடக்கிறது. இரண்டு படங்களையும் ஒரே தாளில் அச்சடித்து அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்து நான் பார்த்தது மேலே சொன்ன பலகையைத்தான். என் தாளுக்கும் அந்தப் பலகைக்கும் தொடர்பு உண்டு என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் பீடத்தை எடுக்கக் கூடாது, கிட்டப் போய் எடுக்கக் கூடாது என்ற விதியால் அந்தப் பச்சை இப்போது எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் மூன்றாவது படத்தை யாராலும் எடுக்க முடியாது.

அடுத்த காரணம் திருட்டு. படம் வெளியே போனால் கடத்தல்காரனுக்கு வழி காட்டியதாகிவிடும் என்கிறீர்கள். கடத்தல் கும்பலும் படம் எடுத்தது உண்மை. எடுத்து அனுப்பித்தான் விலை பேசினார்கள். எங்கே எடுத்தார்கள் என்று பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் போன்ற, பூசை நின்று பூட்டிக் கிடந்த கோயில்களில். ஆளே போகாத இடம். உள்ளே இருந்த நடராசரும் மற்றவர்களும் போன விஷயம், அவர்களைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துச் செல்ல 2008-இல் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. அதே 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரை 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. நாள்தோறும் பத்துப் பேர் வந்து படம் எடுத்துப்போகும் கோயிலாக இருந்திருந்தால், போன மறுநாளே ஊர் கத்தியிருக்கும்.

அந்த நடராசர் எப்படித் திரும்பினார்? பழைய புகைப்படத்தால். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இருந்தவரையும் கோயிலில் இருந்தபோது எடுத்த படத்தையும் ஒப்பிட்டபோது வேறு பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்கே கொண்டுவந்து ஒப்படைத்தார். அனந்தமங்கலம் இராசகோபாலசாமி கோயிலிலிருந்து 1978-இல் களவுபோன இராமர், சீதை, இலக்குவனை லண்டனிலிருந்து 2020-இல் மீட்டுக் கொடுத்தது 1958-இல் எடுத்த படங்கள். ஆக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருந்த திருமங்கையாழ்வார் கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கோயிலைச் சேர்ந்தவர் என்பதற்கு 1957-இல் எடுத்த படம்தான் சாட்சி. அந்தக் காலத்தில் யாராவது ஓர் அதிகாரி வாசலில் நின்று 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று அந்தப் புகைப்படக்காரரைத் திருப்பி அனுப்பியிருந்தால்? இராமர் லண்டனில்தான் இருந்திருப்பார், நாமும் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று இருந்திருப்போம்.

சிவபுரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 1951-இல் பூமிக்குள்ளிருந்து கிடைத்த நடராசர். பழுதுபார்க்கப் போன இடத்தில் அசலை வைத்துக்கொண்டு நகலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஊர் அந்த நகலுக்குத் தீபம் காட்டிக்கொண்டிருந்தது. கோயிலில் இருப்பது போலி என்று 1965-இல் எழுதியவர் பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட். அசல் அமெரிக்காவில் நார்ட்டன் சைமன் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளரிடம் போய்ச் சேர்ந்து, வழக்காகி, 1986-இல்தான் வந்தது. லண்டன்காரர் ஒருவர் கண்டுபிடித்ததைச் சிவபுரத்துக்காரர் ஏன் கண்டுபிடிக்கவில்லை? ஒப்பிட்டுப் பார்க்க அவர் கையில் படம் இல்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் பின்புறமும் பீடமும் ஏன் முக்கியம் என்று வார்ப்புப் பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சுவாமிமலைப் பக்கம் போய் உட்கார்ந்தால் போதும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உரு பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடேற்றி மெழுகை ஓடவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்துத்தான் திருமேனியை எடுக்க வேண்டும். ஆகவே அதே கருவில் இன்னொன்று பிறக்காது. ஊற்றும்போது உலோகம் ஓடாமல் விட்ட சிறு குழி, அதை அடைத்த ஒட்டு, திருவாசி மாட்டும் முளையின் வளைவு, பீடத்தில் தண்டு கோக்கும் துளையின் தேய்மானம் எல்லாம் அந்தத் திருமேனிக்கே உரிய அங்க அடையாளங்கள். முகத்தைப் பார்த்துப் போலி செய்யத் தெரிந்தவன் நிறையப் பேர். முதுகிலும் பீடத்திலும் இருக்கும் அடையாளத்தைச் செய்யத்தான் அவனுக்கு வராது. நீங்களோ அதைத்தான் எடுக்கக் கூடாது என்கிறீர்கள். கள்ளன் எழுதிக் கொடுத்த விதி போல இருக்கிறது என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

சட்டமும் உங்கள் பலகைக்குத் துணை நிற்கவில்லை. தொல்பொருள்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சிலையைப் பதிவதற்கே அதன் புகைப்படம் வேண்டும். பதிப்புரிமை என்று சிலர் சொல்கிறார்கள். செய்தவர் இறந்து ஆயிரம் வருடம் ஆகிறது. அதோடு, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் நிலையாக வைத்திருக்கும் சிற்பத்தைப் படம் எடுப்பதும் வெளியிடுவதும் மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. இந்தியத் தொல்லியல் துறை 2018 ஜூலையில் தன் பாதுகாப்பில் உள்ள சின்னங்களில், அஜந்தா உள்ளிட்ட மூன்று இடங்கள் தவிர, படம் எடுக்கத் தடையில்லை என்று அறிவித்துவிட்டது. பெரிய கோயில் விமானத்தை எந்தப் பக்கத்திலிருந்தும் எடுக்கலாம். அதே மன்னன் காலத்துச் செப்புத் திருமேனியின் முதுகை எடுக்கக் கூடாதாம்.

வெளிநாட்டைப் பார் என்று சொல்வது எனக்கே பிடிக்காது. ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலும் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் 2019-இலும் தங்களிடம் உள்ள பழம்பொருள்களின் படங்களைக் கட்டணமில்லாமல், கட்டுப்பாடில்லாமல் உலகத்துக்குத் திறந்துவிட்டன. நம் காரைக்கால் அம்மையார் கையில் தாளத்தோடு, எலும்பும் தோலுமாக நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கிறார். நான் மாயவரத்து டீக்கடையில் உட்கார்ந்து அவர் விலா எலும்பை எண்ணலாம். பத்து நிமிடம் நடந்தால் பார்க்கக்கூடிய திருமேனியின் பின்னலை மட்டும் எண்ணக் கூடாது. போனவர்களுக்கு இருக்கும் இடத்தில் கிடைக்கும் கண்கள், இங்கேயே இருப்பவர்களுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

ஒரு பழைய கதையும் உண்டு. சென்னை அருங்காட்சியகத்து நடராசரைப் பற்றி உருகி எழுதிய பிரெஞ்சுச் சிற்பி ரொதான் சென்னைக்கு வந்தவரே இல்லை. அவர் பார்த்தது புகைப்படங்களை. ஒவ்வொரு கோணத்திலும், நெருங்கியும் விலகியும் எடுத்த படங்கள் அவர் கைக்குப் போயின. இன்றைய பலகை அன்று எழும்பூரில் இருந்திருந்தால் அவருக்கு முன்பக்கம் ஒன்றுதான் போயிருக்கும்.

கோயில் கருவறையை இதில் நான் இழுக்கவில்லை. கோயில்களில் கைப்பேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. அபிஷேகத்தின் நடுவே தலைக்கு மேல் கைப்பேசியைத் தூக்குகிறவனைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. சாமியை அலங்காரமில்லாமல் படம் எடுப்பது தப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மனத்தையும் மதிக்கிறேன். ஆனால் அலங்காரத்தைக் களைந்து, விளக்குப் போட்டு, டிக்கெட் வைத்து மேடையில் நிறுத்தியது நீங்கள். முன்பக்கம் படம் எடுக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு, பின்பக்கத்துக்கு மட்டும் பக்தியைக் காரணம் காட்ட முடியாது.

பக்தி என்றதும் பாதுகாப்பு மையங்களைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. திருவாரூரில் இருப்பது போன்ற மையங்களில் ஆயிரக்கணக்கான திருமேனிகள் பூட்டுக்குள் இருக்கின்றன. கதவில்லாத, காவலில்லாத கோயில்களிலிருந்து அவற்றை எடுத்து வந்தது சரிதான். ஸ்ரீபுரந்தானுக்கு அப்புறம் அதைத் தவறு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எடுத்து வந்த பிறகு அந்த ஊருக்கு என்ன மிச்சம்? வெட்டாற்றங்கரையில் ஒரு சின்னக் கோயிலில் உற்சவர் இருந்த மேடை காலியாக இருந்தது. அதன் மேல் ஒரு செம்பு, கொஞ்சம் பூ. கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, எங்க அம்மா படம் ஒங்கிட்ட இருக்கா?" என்று கேட்டது. எந்த அம்மா என்றேன். "வருசத்துக்கு ஒருக்கா திருவிழாவுக்குப் போலீசோட கொண்டாருவாங்க, சாயங்காலமே கொண்டுபோயிடுவாங்க. இப்ப அதுவும் இல்ல. எம் பேத்தி பாத்ததே இல்ல." அந்தத் திருமேனியின் படம் எங்கேயாவது ஒரு கோப்பில் இருக்கத்தான் செய்யும். அதை ஒரு பிரதி எடுத்து, கண்ணாடி போட்டு அந்தச் சுவரில் மாட்ட என்ன செலவாகிவிடும்?

இனி என் கோரிக்கைகள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், பச்சைப் பொடி உதிர்கிற அந்தச் சின்ன அம்மனைப் பார்க்க ஒரு வேதியியல் பாதுகாப்பாளரை அனுப்புங்கள். எந்தக் கூடம் என்பது என் விண்ணப்பத்திலும் நான் கொடுத்த தாளிலும் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குவதற்குள் அனுப்ப வேண்டும், ஈரம் ஏறினால் பொடியும் ஏறும். பார்த்த பிறகு மற்றக் கூடங்களின் திருமேனிகளையும் ஒரு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தப் பலகையைக் கழற்றுங்கள். ஒரே துறையின் கூடங்களில் ஊருக்கு ஒரு விதி, காவலருக்கு ஒரு விதி என்று இருப்பதை விட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக, உத்தரவு எண்ணோடும் தேதியோடும் ஒரே விதியை வெளியிடுங்கள். ஃபிளாஷ், முக்காலி, தற்படக் குச்சி மூன்றையும் தடை செய்யுங்கள். நாங்களே முன்னின்று ஒத்துழைக்கிறோம். கைப்பேசிக்கும் கேமராவுக்கும் வேறுபாடு வேண்டாம். இன்றைக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே தெரியும். கட்டணம் வாங்குங்கள், ஆனால் அந்தப் பணத்தில் கண்ணாடியைத் துடைத்து, முகத்துக்கு நேரே மின்னும் ட்யூப்லைட்டை இடம் மாற்றுங்கள். சுவரோடு ஒட்டி நிற்கும் திருமேனிகளைச் சுற்றிவரும்படி முன்னால் நகர்த்துங்கள். இடமில்லையென்றால் பின்னால் ஒரு கண்ணாடி வையுங்கள். விளக்க அட்டையில் எந்த ஊர், எந்தக் கோயில், மண்ணில் கிடைத்ததா பூசையிலிருந்து வந்ததா என்பதையாவது எழுதுங்கள்.

காட்சியில் உள்ளவை, இருப்பறையில் உள்ளவை, பாதுகாப்பு மையங்களில் பூட்டி உள்ளவை எல்லாவற்றின் முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடத்தின் அடிப்பகுதி ஆகிய படங்களையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள். இப்போது எந்த அறையில் இருக்கிறது என்பதைப் போட வேண்டாம், எந்த ஊருடையது என்பது போதும். ஒவ்வொரு திருமேனியின் படத்தையும் சட்டமிட்டு, அது புறப்பட்டு வந்த கோயிலுக்கு அனுப்பிவையுங்கள். வெட்டாற்றங்கரையிலிருந்து தொடங்கினால் நல்லது, அந்தப் பாட்டிக்கு வயதாகிறது.

பார்வையாளர்கள் எடுக்கும் படங்களில் பச்சையோ வெடிப்போ தெரிந்தால் அனுப்புவதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரியை ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும் எழுதிப் போடுங்கள். வந்ததற்கு மறுமொழி அனுப்பும் பொறுப்பை ஓர் ஆளிடம் கொடுங்கள். அனுமதிப் படிவத்தில் 'நிறுவனம் சாராதவர்' என்று ஒரு கட்டம் சேருங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏற்காததற்கு என்ன காரணம் என்பதை எழுத்தில் தர வேண்டும். தனிப்பட என் முகவரிக்கு அனுப்புவதைவிட உங்கள் இணையதளத்தில் வெளியிட்டால் இதே கேள்வி உள்ள எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
செப்புத் திருமேனிகளைத் தேடிப் போகும் ஒரு பயணி